பூட்டை வெட்டவில்லை, கொண்டியைக் கழற்றினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் கேற்றும் கிறிலும் செய்து பிழைக்கும் வெல்டிங் தொழிலாளி நான். முற்றத்தில் சைக்கிள் வைக்க ஒரு கொட்டகை வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பூட்டு நல்லது என்றுதான். பூட்டுக்கு முன், அதை மாட்டும் கொண்டியைப் பாருங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் அண்மையில் ஒரு மாணவியின் சைக்கிள் பூட்டிய தகரக் கொட்டகைக்குள் இருந்தே களவு போனது. ஆமைப்பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கொண்டியைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலைகள் வெளிப்பக்கம் இருந்தன. அவற்றைக் கழற்றி, கொண்டியைப் பூட்டோடு நிலத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இருட்டிய பிறகு நகரிலிருந்து வகுப்பு முடிந்து வருகிற பிள்ளை அவள். இப்போது பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஆயத்தமாக விற்கப்படும் கொட்டகைகளில் இன்றும் கொண்டியை அப்படித்தான் பொருத்துகிறார்கள்.

திருகாணிக்குப் பதிலாக உருண்டைத் தலை போல்ட்டைப் போட்டு, நட்டை உள்ளே இறுக்க வேண்டும். வெளியே ஸ்பானர் பிடிக்க இடம் இருக்காது. கீல்களும் அப்படியே, கீலின் ஊசியைத் தட்டிக் கழற்ற முடியுமானால் கதவு மறுபக்கமாகத் திறக்கும். வாங்கும்போது கதவைச் சாத்தச் சொல்லி, வெளியே நின்று எதையெல்லாம் கழற்றலாம் என்று தடவிப் பாருங்கள். மெல்லிய தகரத்தை நெம்பி உரித்துவிடலாம் என்பதால் உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைவு வெளியே தெரியாத பூட்டு என்றால் கத்தரிக்கும் கருவி அதில் பிடிக்காது.

கொட்டகை என்பது கண்ணுக்கு மறைப்பு மட்டுமே. சைக்கிளைப் பிடித்து வைப்பது நிலம். கொங்கிரீட் தரையில் தடித்த இரும்பு வளையம் ஒன்றைப் பதித்து, சைக்கிளின் சட்டத்தையும் பின்சில்லையும் சேர்த்துச் சங்கிலி போடுங்கள். முன்சில்லில் மட்டும் பூட்டினால், சில்லை விட்டுவிட்டு மற்றதைத் தூக்கிப் போய்விடுவார்கள்.

இனி எங்கள் ஊர்க் காற்று. கடலோரத்தில் இருப்பவர்கள் நாலு பக்கமும் அடைத்த தகரப் பெட்டியை வாங்க வேண்டாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நனைந்த சைக்கிளை அதற்குள் தள்ளி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு அந்த ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். கள்ளன் விட்டுவைத்ததைத் துரு தின்னும். முற்றாகத் திறந்து விட்டால், கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் டயரில் வெடிப்பு விழும். தெருப் பக்கம் தகரம், வீட்டுப் பக்கம் தடித்த கம்பி வலை, கூரைக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி: நான் செய்வது இப்படித்தான். குசினி ஜன்னலில் இருந்து பார்த்தாலே சைக்கிள் நிற்பது தெரியும். தரையை ஓர் அரை அடி உயர்த்துங்கள். மதிலோடு ஒட்டி வைக்காதீர்கள், கொட்டகைக் கூரை மதிலேறிக் குதிப்பவனுக்குப் படியாகிவிடும். இரண்டு சைக்கிளை எதிரும் புதிருமாக நிறுத்த ஆறரை அடி நீளமும் நாலு அடி அகலமும் போதும். வெட்டிய தகர விளிம்பில்தான் துரு முதலில் ஏறும். அங்கே பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். பூட்டுக்கு அவ்வப்போது எண்ணெய் விடுங்கள்.

2022இல் பெட்ரோல் இல்லாமல் வரிசையில் நின்றபோது, வேலைக்கும் சந்தைக்கும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சைக்கிள்தான். அப்போது சைக்கிளுக்கு ஏறிய விலையும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் புதிதாக எழும்பும் வீடுகளின் வரைபடத்தில் காருக்குப் போர்ட்டிகோ இருக்கிறது, சைக்கிளுக்கு ஒரு மூலைகூட இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். தரையில் வளையம் பதிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்று சொல்லித் திரும்பிப் போனவர்கள் பலர்.

வீட்டுக்காரர்களிடம் இந்தப் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்: அனுமதி கொடுங்கள். நாலு துளை போடும் வேலைதான், குடியிருப்பவர் போகும்போது சீமெந்தால் அடைத்துவிடலாம். சைக்கிள் வைத்திருப்பவர்கள் பெடல் அச்சுக்குக் கீழே சட்டத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தை இன்றே எழுதி வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது இது உங்கள் சைக்கிள்தான் என்று காட்ட அந்த இலக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
வெல்டிங் தொழிலாளி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.