ஆட்டு இதயத்தோடு நின்றுபோகும் அனாடமி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் தானம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அதனால் வரும் பயனை விரிவாகச் சொன்னது. நர்சிங் மாணவிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. (பையன்களும் படிக்கிறார்கள், பழக்கதோஷத்தில் எனக்கு மாணவி என்றே வருகிறது.) சென்னையில் பல வருடம் அவர்களுக்கு அனாடமி, அதாவது உடற்கூறியல், எடுத்தவள் என்பதால் அந்த வரியை நான் எழுதுகிறேன்.

அறுத்துக் காட்ட மனித உடல் எங்களுக்குக் கிடைக்காததால், இதயப் பாடம் வரும் வாரம் ஆட்டு இதயம் வாங்கக் காலை ஆறு மணிக்கே புளியந்தோப்பில் ஒரு கறிக்கடையில் நிற்பேன். கடைக்காரர் பழக்கத்தில் மேலே உள்ள குழாய்களை நறுக்கி எறிந்துவிட்டு, குறுக்கே ஒரு கீறல் போட்டு ரத்தத்தைப் பிழிந்துதான் இதயத்தைத் தருவார். "கீறாதீங்க பாய், குழாயோட முழுசா வேணும்" என்று புரியவைப்பதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. அப்புறம் அவரே 'டீச்சரம்மாவுக்கு' என்று தனிப் பையில் எடுத்து வைத்துவிடுவார். ஐந்தாறு இதயம், நாலு குண்டிக்காய். பில்லைக் கல்லூரி அலுவலகத்தில் நீட்டினால், கறி வாங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காசு என்னுடையதுதான்.

ஆனால் அந்தக் காசு வீண் இல்லை. இதயத்தைக் கையில் வாங்கி இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தினால் வலப்பக்கம் தொளதொளவென்று அமுங்கும், இடப்பக்கம் கெட்டியாக நிற்கும். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது எந்தப் பக்கம் என்று அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. மேலறைகளை வெட்டிவிட்டு, மகாதமனியை விரலால் இறுக்கிக்கொண்டு, இடது கீழறையில் தண்ணீர் ஊற்றி லேசாகப் பிதுக்கினால் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவாக இருக்கும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அடியில் வெள்ளை நூல்கள் விறைத்து அவற்றைப் பிடித்திருக்கும். அலமாரியில் உறுப்பு கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாதி வற்றிய ஜாடிக்குள், லேபிள் உதிர்ந்து, வற்றல் நிறத்தில் கிடந்த ஸ்பெசிமன் இதை ஒருநாளும் காட்டியதில்லை.

இருந்தாலும் ஆடு ஆடுதான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முன்பே வலது நுரையீரலின் மேல்மடலுக்குத் தனியாக ஒரு கிளை போய்விடும். மனிதருக்கு அப்படி இல்லை. ஆட்டுக் கண்ணை அறுத்தால் உள்ளே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்பு. இருட்டில் அதன் கண் மின்னுவது அதனால்தான். நம் கண்ணில் அது கிடையாது. இதையெல்லாம் வாயால் சொல்லிச் சமாளித்துவிடலாம். இடுப்பில் ஊசி போடும் இடத்தை எந்த ஆட்டை வைத்துக் காட்டுவது?

நம் உடம்பிலேயே தடித்த நரம்பு சயாட்டிக் நரம்பு, கிட்டத்தட்ட விரல் கனம். பிட்டத் தசைக்கு அடியில்தான் காலுக்கு இறங்குகிறது. 'மேல்பக்கம், வெளிப்பக்கம் போடு' என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த ஓரிடத்தில், ஊசி போட்ட மறுநாள் ஓர் ஒல்லியான பையனால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியவில்லை. செருப்பு தரையில் இழுபட நடந்தான். ஊசி போட்ட பெண் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவள். அந்த நரம்பை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் ஒரு மருத்துவக் கல்லூரியில் தசையைப் புரட்டிக் காட்டினார்கள். கயிறு மாதிரி கிடந்தது. அன்றிலிருந்து என் கை தானாகவே மேலே, வெளியே நகர்ந்துவிடும்.

நர்ஸ் என்ன ஆபரேஷனா செய்யப் போகிறாள் என்று கேட்கிறார்கள். அவள் கையில் கத்தி கொடுக்கச் சொல்லவில்லை. எம்.பி.பி.எஸ். வகுப்புக்காகப் பிரித்து வைத்த உடலைச் சுற்றி நின்று பார்த்தால் போதும். 2021இல் வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் அனாடமிக்கு முதல் செமஸ்டரில் 60 மணி நேரம் இருக்கிறது. அதில் இரண்டு மதியம் ஒதுக்கக் கூடாதா? மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து நடக்கும் நர்சிங் கல்லூரிக்கு, உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹால் பக்கத்துக் கட்டடம். தனியாக நடப்பவைதான் அனுமதிக்கு அலைகின்றன. நான் மூன்று முறை எழுதி ஒருமுறை உள்ளே போனேன். நாற்பது பேர் ஒரு மேஜையைச் சுற்றி நின்றதில் பின்வரிசைக்கு முன்வரிசையின் கொண்டைதான் தெரிந்தது. ஃபார்மலின் நெடி வேறு. அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. பத்துப் பத்துப் பேராக, காற்றோட்டத்தோடு விட வேண்டும்.

இரண்டு படிப்புக்கும் பட்டம் தருவது கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

நானும் போன வருடம் என் உடலை எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவத்தின் அடியில், 'நர்சிங் பிள்ளைகளுக்கும் காட்டவும்' என்று பேனாவால் எழுதினேன். அப்படியெல்லாம் எழுத இதில் இடமில்லை அம்மா என்றார் கிளார்க்.

ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை-11