போனில் குரல் வெட்டுகிறதா? பெரிய பிளானுக்கு மாறும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நெட் வேகமாத்தான் இருக்கு, போன்ல மட்டும் குரல் விட்டு விட்டு வருது." ஐபி போன் (நெட் வழியாகப் பேசும் போன்) வைத்திருக்கும் அலுவலகங்களிலிருந்து எங்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது. கூடவே, "அடுத்த பிளானுக்கு மாறிடலாமா?" என்றும் கேட்கிறீர்கள். பணம் கட்டும் முன் உங்கள் ஸ்விட்சை (அலுவலகக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டியை) ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் பேசும் ஒரு அழைப்பு, ஒரு திசையில் வினாடிக்கு 50 பாக்கெட்டுகளை (சிறு தரவுத் துண்டுகளை) அனுப்புகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டும் முகவரி விவரங்கள், அதாவது தலைப்புகள், எல்லாம் சேர்ந்தும் வினாடிக்கு 90 கிலோபிட் தாண்டாது. 100 மெகாபிட் லைனில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 20 மில்லிவினாடிக்கு ஒன்று என்று பாக்கெட் தவறாமல் வந்து சேர வேண்டும். யாரோ சர்வரிலிருந்து பெரிய பேக்கப் எடுக்கும்போது அப்லிங்க் (ஸ்விட்சிலிருந்து வெளியே போகும் பொது இணைப்பு) நிரம்புகிறது. குரல் பாக்கெட்டும் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. பேக்கப் அரை வினாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. தாமதமாக வந்த குரல் பாக்கெட்டையோ போன் தூக்கிப் போட்டுவிடும். அதுதான் காதில் வெட்டாகக் கேட்கிறது.

எது குரல், எது பேக்கப் என்று ஸ்விட்சுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும் டிஎஸ்சிபி என்ற 6 பிட் இடம் உண்டு. அதில் 0 முதல் 63 வரை ஓர் எண் எழுதலாம். குரலுக்கு 46, வீடியோ கூட்டத்துக்கு 34, சாதாரணப் போக்குவரத்துக்கு 0 என்பது பரவலான வழக்கம். ஸ்விட்ச் 46-ஐப் பார்த்தால் முன்னுரிமை வரிசையில் விடும்.

சிக்கல், அந்த எண்ணை யார் எழுதினார்கள் என்பதில் இருக்கிறது. கணினியில் ஓடும் எந்த மென்பொருளும் தனக்கு 46 போட்டுக்கொள்ள முடியும். எல்லா வண்டியும் 'அவசரம்' என்று ஒட்டிக்கொண்டால் ஆம்புலன்சுக்கு எப்படி வழி கிடைக்கும்? அதனால் பாக்கெட் உள்ளே நுழையும் முதல் போர்ட்டிலேயே (ஸ்விட்சில் கேபிள் செருகும் இடத்திலேயே) தரம் பிரித்துவிட வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். அந்தப் போர்ட்டில் இருப்பது போன்தான் என்று எல்எல்டிபி (கருவிகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை) மூலம் தெரிந்தால் மட்டும் அதன் எண்ணை நம்பச் சொல்வோம். போனுக்குப் பின்னால் செருகிய கணினிக்கு 0. அந்தக் கணினியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பேசுபவர்களும் கவலைப்பட வேண்டாம். டீம்ஸ் நிர்வாகப் பக்கத்தில் போர்ட் வரம்பை (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் இடமல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்) அமைத்துவிட்டால், குரல் 50000 முதல் 50019 வரையிலான எண்களிலிருந்து கிளம்பும். அதை வைத்து ஸ்விட்சே 46 எழுதிவிடும்.

உங்கள் ஐடி ஆட்களுக்கு ஒரு விஷயம்: சிஸ்கோ 2960 போன்ற பழைய ஸ்விட்சுகளில் க்யூஓஎஸ்-ஐ (முன்னுரிமை தரும் வசதியை) ஆன் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். வரும் எண்ணை நம்பச் சொல்லும் அமைப்பு இல்லாத போர்ட்டுகளில் போன் எழுதி அனுப்பிய 46-ஐ ஸ்விட்ச் 0 ஆக்கிவிடும். நிலைமை முன்பைவிட மோசமாகத் தெரியும்.

சிசிடிவிக்கும் முன்னுரிமை கேட்கிறீர்கள். பதிவுக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. கேமரா ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் குரல் வரிசையில் விட்டால் போன்தான் பாதிக்கப்படும்.

உங்கள் கட்டடத்துக்கு வெளியே பொது இணையத்தில் இந்த எண்களை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ரூட்டரில் வெளியேறும் வேகத்தை லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்போம். நெரிசல் சேவை நிறுவனத்தின் கருவியில் ஏற்படாமல் நம் ரூட்டரிலேயே நிற்கும். யாரை முதலில் விடுவது என்பதும் நம் கையில் இருக்கும். இதற்கு மேலும் வெட்டினால், அப்போது பெரிய பிளானைப் பற்றிப் பேசலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்த மேசையில் போன், எந்த மேசையில் டீம்ஸ், எத்தனை கேமரா, பேக்கப் எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்புங்கள். புதிதாக எதையாவது செருகினாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம், இந்த அமைப்பை அலுவலகம் முடிந்த பிறகுதான் மாற்றுவோம். பகலில் ஒரு அழைப்பும் துண்டிக்கப்படாது.

இப்படிக்கு,
உங்கள் நெட்வொர்க் பராமரிப்புக் குழு