குடும்ப ஜெபம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்பான பெற்றோர்களுக்கு ஸ்தோத்திரம்.

குடும்ப ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வையுங்கள். சாப்பிட்ட பிறகு சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். அதட்டுவதிலேயே நேரம் போய்விடும். ஒரு பாட்டு, வேதத்திலிருந்து ஒரு சிறு பகுதி, ஜெபம். பத்து நிமிடம் போதும்.

வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கினால் 5ஆம் அதிகார வம்சவரலாற்றிலேயே சலித்துவிடுவார்கள். மாற்கு சுவிசேஷம் நல்லது: 16 அதிகாரம்தான், சம்பவங்கள் வேகமாக நகரும். அதிகாரம் அதிகாரமாக அல்ல, சம்பவம் சம்பவமாக வாசியுங்கள். இயேசு காற்றை அதட்டிய பகுதி (4:35-41) ஏழே வசனம். வாசித்ததும், "சீஷர்கள் ஏன் பயந்தார்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். பிள்ளை யோசிப்பது அங்கேயே நின்றுவிடுகிறது.

மனப்பாடத்துக்கு 23ஆம் சங்கீதம். 6 வசனம், வாரத்துக்கு ஒன்று; பழையதையும் தினமும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதல் வசனத்தில் வரும் "தாழ்ச்சியடையேன்" என்றால் 'எனக்கு ஒரு குறையும் வராது' என்று பொருளோடு சொல்லிக்கொடுங்கள். சேட்டைக்குத் தண்டனையாக வசனம் எழுத வைக்கவே வேண்டாம், தயவுசெய்து. வேதத்தைத் திறந்தாலே அந்தத் தண்டனைதான் ஞாபகம் வரும்.

ஜெபத்தில் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஒரு நன்றி, ஒரு வேண்டுதல் சொல்லட்டும். நீங்கள் கோபத்தில் அதிகம் பேசிவிட்ட நாளில், ஜெபத்துக்கு முன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள்.