மகன் கேட்ட படிப்பு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசு நிம்மதி. பினாங்கில் மழை விட்டபாடில்லை, மற்றபடி சௌக்கியம்தான்.

உன் மகன் டோப்பாலஜிப் பொருள்களில் (எலெக்ட்ரான்கள் வினோதமாக ஓடும் படிக வகை) காந்தச் சுவரை மின்சாரத்தால் நகர்த்துவதை முதுகலைக்கு எடுக்கப்போகிறானாம், "அதில் சோறு கிடைக்குமாடா" என்கிறாய். இங்கே பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பேட்டையில் சிப் டெஸ்ட் பண்ணியே நரைத்தவனிடம் கேட்டிருக்கிறாய். என் புத்தி எப்போதும் சூட்டுப் பக்கம்தான் போகும்.

காந்தத்துக்குள் ஒரு பகுதி மேலே பார்க்கும், அடுத்தது கீழே பார்க்கும். நடுவிலுள்ள மெல்லிய எல்லைதான் டொமைன் சுவர். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும்போது ஓரத்துக் கூட்டம் வரிசையாகத் தலை திருப்புமே, அப்படி. ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான், திருப்பம் மட்டும் நகரும். மின்சாரத்தில் ஓடும் எலெக்ட்ரான்கள் சுவரைக் கடக்கையில் தம் சுழற்சித் திசையை (ஸ்பின்) மாற்றிக்கொள்கின்றன, அந்த உதைப்பில் சுவர் தள்ளிப்போகிறது. இதை வைத்து நினைவகமே செய்யலாம் என்று ஐபிஎம்மில் இருந்த ஸ்டூவர்ட் பார்க்கின் 2008-இல் எழுதினார். ஆனால் சாதாரண உலோகக் கம்பிக்குச் சதுர சென்டிமீட்டருக்குக் கோடி ஆம்பியர் கணக்கில் வேண்டியிருந்தது. கம்பி கொதித்துவிடும். கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த 'வெய்ல்' படிகத்தில் (உன் மகன் சொல்லும் டோப்பாலஜி வகைதான்) பத்து லட்சத்துக்கும் கீழே போதுமாம். மின்சாரம் ஓடும் திசைக்குக் குறுக்கே எழுவது ஹால் மின்னழுத்தம். காந்தத்தின் திசை மாறினால் அதன் குறியும் மாறும். அந்தப் படிகத்தில் அது தாராளமாகவே வருவதால் பதிந்திருப்பதைப் படித்தெடுப்பதும் சுலபம்.

இடிப்பது ஒன்றுதான். 177 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 96 டிகிரிக்கு மேலே போனால் அது காந்தமாகவே இருப்பதில்லை. நாங்களோ கார் சிப்புகளை 125 டிகிரி ஓவனில் போட்டு எடுக்கிறவர்கள். கதவைத் திறந்தால் கண்ணாடிச் சட்டம் காதோரம் சுடும்.

அதனால் மாங்கனீஸும் வெள்ளீயமும் சேர்ந்த எம்என்3எஸ்என் பக்கம் அவனைப் பார்க்கச் சொல். எதிர்க்காந்தம், அதாவது உள்ளே அணுக்களின் காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும், வெளியே காந்தம் கிட்டத்தட்ட தெரியாது, ஆனாலும் ஹால் சிக்னல் பெரிது. ஜப்பானில் நகாட்சுஜி குழு 2015-இல் கண்டது. 2020-இல் மின்சாரத்தாலேயே அதன் காந்த நிலையைப் புரட்டியும் காட்டினார்கள், அதுவும் அறை வெப்பத்தில். 420 கெல்வின், அதாவது சுமார் 147 டிகிரி வரை தாங்கும். எங்கள் ஓவனையே கடந்துவிடுகிறது, பார்த்துக்கொள்.

பேராசிரியரைப் பார்க்கும்போது "எந்த வெப்பநிலையில் அளக்கிறீர்கள்" என்று முதலில் கேட்கட்டும். செமஸ்டர் லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. ஃபேக்டரிக்குள் விடமாட்டார்கள், நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து பேசுவோம்.

உன்,
மாறன்