வெறும் பொட்டலம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷம். இங்கு எல்லோரும் சுகம். பேரனுக்கு வாங்கிய பூதக்கண்ணாடி இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அவனுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது சந்தேகம்.

"ஈ நக்கத்தானே செய்யும், அதன் வாயில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். வீட்டு ஈ என்றால் சரிதான். உமிழ்நீரை விட்டுக் கரைத்து, வாய் நுனியிலுள்ள நுண்ணிய வாய்க்கால்கள் வழியே உறிஞ்சும். கடிக்கத் தெரியாது. ஆனால் நடன ஈ என்று ஒரு குடும்பம் இருக்கிறது. தலைக்குக் கீழே கொக்கின் அலகு மாதிரி விறைப்பான குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னப் பூச்சியின் உடம்பில் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரு ஆயுதம் இருந்தும் பல இனங்களில் பெண் வேட்டைக்கே போவதில்லை. முட்டை வளரப் புரதம் வேண்டும், அதை ஆண்தான் பிடித்து வந்து தர வேண்டும். அவள் அந்த இரையைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே இணைசேர்க்கை நடந்துவிடும்.

சாப்பாடு ஒருவர் கையில் இருந்தால் ஏமாற்று வராமல் இருக்குமா? ஹிலாரா என்ற நடன ஈ வகையில் ஆணின் முன்காலில் ஒரு கணு மட்டும் வீங்கியிருக்கும், பட்டு நூல் வருவது அங்கிருந்துதான். இரையை அதில் சுற்றிக் கொடுப்பான். சில இனங்களில் பிரித்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது! வேறோர் இனத்தில் ஆய்வாளர்கள் இரைக்குப் பதில் பஞ்சு உருண்டையை வைத்துப் பார்த்தார்கள். பெண் அதையும் வாங்கிக்கொண்டது. இணைசேரச் சின்ன இரை கொண்டு வந்தவனுக்குக் கிடைத்த நேரம் பஞ்சுக்காரனுக்கும் கிடைத்தது.

அதற்காகப் பெண் அப்பாவி என்று முடிவு கட்டிவிடாதே. வட அமெரிக்காவில் ராம்ஃபோமையா லாஞ்சிகாடா என்றொரு நடன ஈ. அந்தி வெளிச்சத்தில் திரளாகப் பறக்கும். பெண் காற்றை விழுங்கி வயிற்றின் பக்கவாட்டுப் பைகளை ஊத வைத்துக்கொள்ளும். செதில் அடர்ந்த கால்களையும் வயிற்றை ஒட்டி மடக்கிக்கொள்ளும். கீழிருந்து பார்க்கிற ஆணுக்கு அது முட்டை நிறைந்த பெரிய வயிறு. நம்பி இரையோடு போய்விடுவான். குத்துவதற்கென்றே அமைந்த வாயால் காற்றைக் குடித்துப் பிழைக்கிறாள் பார், என் ஓட்டு அவளுக்குத்தான்.

அப்புறம், டிரோசோஃபிலா சப்அப்ஸ்கியூரா என்ற பழ ஈயின் ஆண் தன் வாயிலிருந்தே ஒரு சொட்டைக் கக்கிப் பெண்ணிடம் நீட்டும். இதில் வெறும் பொட்டலம் கொடுக்க வழியில்லை என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய், எழுது.

அன்புடன்,
ராமு