முதல் இருபது நாளில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்காச்சோளத்தில் படைப்புழுத் தாக்குதல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதிகாரிகள் வயலில் இறங்கிப் பார்வையிடும் படமும் வந்திருந்தது. படத்தில் பயிர் ஆள் உயரம் நிற்கிறது, உச்சியில் பூவும் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த உயரத்துக்குப் பயிர் வந்த பிறகு படைப்புழுவைப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

பெரம்பலூர் மாவட்டத்தில் நான்கு ஏக்கர் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறவன் நான். பருத்தியை விட்டு இதற்கு வந்ததே ஆள் செலவும் பூச்சித் தொல்லையும் குறைவு என்பதால்தான். விதைத்து, களையெடுத்து, உரம் வைத்துவிட்டால் தையில் கதிர் ஒடிக்கலாம். தண்டுத் துளைப்பான் கொஞ்சம் வரும், சமாளித்துவிடுவோம். 2018 வரை அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் அமெரிக்கப் படைப்புழுவை முதலில் கண்டார்கள். நாங்கள் புரட்டாசியில் விதைத்தோம். ஐப்பசியில் அது எங்கள் காட்டுக் குருத்துக்குள் இருந்தது. அதன் அந்துப்பூச்சி காற்றோடு ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை போகும் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். என்ன புழு என்றே தெரியாமல் கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் வாங்கி அடித்தோம். பாதிக் காட்டை மாட்டுக்குத்தான் அறுத்துப் போட்டேன். 2019 தொடக்கத்தில் அரசு நிவாரணம் அறிவித்தது, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் நிவாரணம் என்பது பயிர் போன பிறகு வருவது.

இந்தப் புழுவின் நடப்பைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் நான் கேட்பது புரியும். தாய்ப்பூச்சி இலையில் நூறு, இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே பஞ்சு போல மூடி வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். குஞ்சுப் புழுக்கள் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். இலை வெள்ளைக் கண்ணாடித்தாள் மாதிரி தெரிந்தால் அதுதான் அடையாளம். இந்தக் கட்டத்தில் வேப்பெண்ணெய் மருந்துக்கே கட்டுப்படும், முட்டைக் குவியலைக் கையாலேயே நசுக்கிவிடலாம். கொஞ்சம் வளர்ந்ததும் புழு குருத்துக்குள் இறங்கிவிடும். ஒன்றை ஒன்று தின்று கடைசியில் குருத்துக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும், அந்த ஒன்றே போதும். பகலெல்லாம் உள்ளே இருக்கும். அது போடும் எச்சம் மரத்தூள் மாதிரி குருத்தை அடைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த மருந்தை அடித்தாலும் உள்ளே இறங்காது.

போன பருவத்தில் முளைத்த பன்னிரண்டாம் நாள் என் காட்டில் அந்த வெள்ளைச் சுரண்டலைப் பார்த்தேன். அன்றைக்கே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்த் தகவல் சொன்னேன். கணக்கெடுக்க இன்னும் உத்தரவு வரவில்லை என்றார்கள். பேசியவரும் நல்ல மனிதர்தான், அவர் கையில் அன்று கொடுக்க ஒன்றும் இல்லை. மானிய மருந்தும், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் எங்கள் ஊருக்கு வந்தபோது பயிருக்கு நாற்பத்தைந்து நாள். பூச்சி வந்திருக்கிறதா என்று முன்கூட்டியே காட்டுவதற்கான பொறியை, புழு தின்று முடித்த காட்டில் கட்டி என்ன செய்வது?

நான் கேட்பது கூடுதல் பணம் இல்லை. இப்போது கொடுப்பதையே நாள் பார்த்துக் கொடுங்கள் என்கிறேன். ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்புண்ணாக்கு கடைசி உழவில் போடச் சொல்கிறார்கள். அது ஆவணியிலேயே வேளாண்மை விரிவாக்க மையங்களில் இருக்க வேண்டும். ஏக்கருக்கு ஐந்து பொறி வீதம் விதையோடு சேர்த்தே கையில் வர வேண்டும். மருந்து நேர்த்தி செய்த விதை இரண்டு மூன்று வாரம் பயிரைக் காக்கிறது, அதை நானே பார்த்தேன். ஆனால் அதை நம்பி வயல் பக்கம் போகாமல் இருந்துவிட முடியாது, அந்தக் காவல் முடிகிற நேரத்தில்தான் புழு குருத்தைப் பிடிக்கிறது.

அப்புறம், நாங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் ஆவணிக் கடைசியில் விதைப்பார், இன்னொருவர் ஐப்பசி பிறந்து விதைப்பார். முந்திய காட்டில் வளர்ந்த பூச்சிக்குப் பிந்திய காட்டில் இளங்குருத்து தயாராக இருக்கிறது. மழையைப் பார்த்து ஊரே பத்துப் பதினைந்து நாளுக்குள் விதைத்து முடித்தால் பாதித் தொல்லை குறையும். கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைக் காக்கையும் கொக்கும் பொறுக்கிவிடும். வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் போட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். இதையெல்லாம் தனி ஆள் செய்து பயனில்லை. ஊர்க் கூட்டம் போட்டு, விதைப்புக்கு முன்னால் வந்து யாராவது சொன்னால் கேட்பார்கள். கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைக்கலாமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாமதமாக மருந்தடிப்பதில் பணம் மட்டும் போகவில்லை. ஆள் உயரப் பயிருக்குள் காற்றே இருக்காது. முகத்துக்கு நேரே மருந்துப் புகையைச் சுவாசித்துக்கொண்டு, டேங்க்கைச் சுமந்தபடி ஒருவன் நடக்கிறான். 2017-இல் எங்கள் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்துப்போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. முழங்கால் உயரப் பயிரில், சாயங்காலத்தில், கைத்தெளிப்பானின் மூக்கைக் குருத்துக்குள் திருப்பி அடித்தால் மருந்தும் குறைவு, ஆபத்தும் குறைவு. என் மகன் போன வருடம் அந்த நாற்பத்தைந்தாம் நாள் மருந்தடித்துவிட்டு இரண்டு நாள் தலை சுற்றிப் படுத்திருந்தான். பன்னிரண்டாம் நாள் கையில் மருந்து இருந்திருந்தால் அவனை அந்தக் காட்டுக்குள் அனுப்பியே இருக்க மாட்டேன்.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் புரட்டாசியிலேயே எங்கள் பக்கம் வாருங்கள். பயிர் ஒரு சாண்தான் இருக்கும், படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெள்ளை விழுந்த இலையை நானே காட்டுகிறேன், அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.