பரிசா, பாக்கியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு தொழிலதிபரின் பேட்டி வெளியிட்டிருந்தீர்கள். படம் அருமை. ஸ்வீட் பாக்ஸ் மேல் கவரை வைத்து அவர் நீட்டுகிறார், ஒரு பெண் இரண்டு கையாலும் வாங்குகிறார். அடியில் 'ஊழியர்களுக்குத் தீபாவளிப் பரிசு' என்று போட்டிருக்கிறீர்கள். கவரில் இருப்பது போனஸ் என்று பேட்டியில் அவரே சொல்கிறார். அப்புறம் அது எப்படிப் பரிசாகும்?

போனஸ் சட்டம் 1965-இல் வந்தது. லாபமோ நட்டமோ, வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். தாங்கள் அறியாததா! வாடகை பாக்கியைக் கொடுக்கிறவர் அதை வீட்டுக்காரருக்குப் பரிசு என்று சொல்லி போட்டோவுக்கு நின்றால் அதையும் அச்சிடுவீர்களோ என்னவோ.

'எங்கள் கம்பெனியின் கலாசாரமே அன்புதான்' என்றும் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். கோவையில் ஒரு நூற்பாலையில் 28 வருஷம் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். அன்பு எந்தப் பத்தியில் வரும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் முதலாளியும் அன்பானவர்தான். கல்யாணத்துக்கு வருவார், மொய் வைப்பார். ஆனால் வகுத்தல் கணக்கு மட்டும் அவருக்கு இரண்டு விதம். ஒருவருக்கு மாதம் 7,800 ரூபாய் என்று வையுங்கள். லீவு போட்டால் 26-ஆல் வகுத்து நாளுக்கு 300 பிடிக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி என்று வந்தால் 30-ஆல் வகுத்து 260. சட்டம் கிராஜுவிட்டிக்கு 26 என்றுதான் சொல்கிறது; வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். பத்து வருஷம் உழைத்தவருக்கு 45,000 வர வேண்டிய இடத்தில் 39,000. வாங்கியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பென்சிலால் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான், மறைப்பானேன்.

அதுகூட ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு. நாலரை வருஷம் ஆனதும் 'ஊருக்குப் போய் ஒரு மாசம் இருந்துட்டு வாம்மா' என்று கணக்கை முடித்துவிட்டு, திரும்பி வந்ததும் புது ஆள் என்று புது டோக்கன் நம்பர் கொடுப்பார்கள்; ஐந்து வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் ஒரு அம்மாவுக்கு என் கையாலேயே மூன்று டோக்கன் எழுதியிருக்கிறேன். சம்பளத்தன்று முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் கைநாட்டு வைப்பார். அப்படியும் மையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ரேகையே விழாது. பட்டியலில் எழுதியிருந்த தொகை ஒன்று, கவரில் இருந்தது வேறு. அவருக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்று 1936-லேயே சட்டம் போட்டாயிற்று. எங்கள் மில்லில் அது பதினைந்து, பதினெட்டு என்று நகரும். பஞ்சு வியாபாரிக்குப் போகும் செக் மட்டும் ஒருநாள் தவறாது.

இன்னொன்று. ஈராண்டுக்கு முன், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் செய்யும் பிடித்தம் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரியாக வெட்டி, ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டேன். அதே இதழில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் மூன்று பக்கம்.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 'பரிசு என்று வந்ததைப் போனஸ் என்று திருத்தி வாசிக்கவும்' என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த முறை முதலாளிகளைப் பேட்டி எடுக்கப் போகும் நிருபரிடம், சம்பளம் எந்தத் தேதி என்றும் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்கர்,
கோயம்புத்தூர் (இந்த முறையாவது சரியாகப் போடவும்).